நாலாம் டிரம்

ராணிப்பேட்டை சிப்காட்டில் மே மாதம்
கணினி அறைக்கு மட்டும்தான் ஏசி.
கண்ணாடிக்கு அப்பால் ஆறு மர டிரம்கள்
சுண்ணாம்பும் தோலும் தண்ணீருமாய்ப் புரள்கின்றன.
வாடை கண்ணாடியை மதிப்பதில்லை.

டிரம்களை ஓட்டும் பெரிய நிரல் நான் எழுதியது.
அதன் வயிற்றுக்குள் ஓடும் சின்ன ஸ்கிரிப்டுகள்
மேல்விஷாரம் கலீமுல்லா எழுதுபவை.
ஆட்டுத்தோலுக்கு ஒன்று, மாட்டுத்தோலுக்கு ஒன்று,
ஜெர்மன்காரன் கேட்கும் மெத்தென்ற ரகத்துக்கு இன்னொன்று.
குடிவந்தவருக்கு மோட்டார் சுவிட்சைக் காட்டாத
சத்துவாச்சாரி வீட்டுக்காரர் மாதிரி
நான் அவருக்கு ஒன்றுமே சொல்லி வைக்கவில்லை.

அதனால் எண்களைக் கையால் எழுதிக்கொண்டார்.
பன்னிரண்டாம் வரியில் 38.
எதன் 38, யார் சொன்ன 38,
வரியைப் பார்த்தால் தெரியாது.
என் பக்கம் அது 35 ஆகி எட்டு மாதம்.

பங்குனிக் கடைசியில் ஓர் இரவு
நாலாம் டிரம்மிலிருந்து அறுநூறு ஆட்டுத்தோல்
தணலில் காட்டிய பாலிதீன் பைபோலச்
சுருண்டு வெளியே விழுந்தது.
ஒன்றை எடுத்து இழுத்துப் பார்த்தார் கலீமுல்லா.
கிழிந்தது.
"மேடம், உங்க மிஷினுக்குத் தெரிஞ்சது
என் சீட்டுக்குத் தெரியலியே."
நான் பதிலுக்கு ஒரு டீ சொன்னேன்.

மாறிலிகளை எல்லாம் ஒரு பட்டியலில் போட்டு
ஸ்கிரிப்டின் கையில் கொடுப்பது அரைநாள் வேலை.
எனக்கு மூன்று நாள் ஆனது.

முதல் நாள் எல்லாப் பெயரும் போய்ச் சேர்ந்தன,
எதற்குள்ளும் மதிப்பு இல்லை.
நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை,
ராஜா இல்லாத கோட்டை என்று
கேலி கேட்டே வளர்ந்த வேலூர்க்காரி நான்.
ஆனாலும் திரையில் பார்த்தபோது வயிறு கலங்கியது.
சாயங்காலம்தான் புரிந்தது,
ஆள் எழுந்து போன இலையில்
பரிமாறிக்கொண்டிருந்திருக்கிறேன்.
ஸ்கிரிப்ட் கண்விழிக்கும் முன்பே
எல்லாம் வைத்திருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் பூட்டு.
படிக்கலாம், மாற்றக் கூடாது.
கலீமுல்லா உட்கார்ந்து வெப்ப_எல்லை = 90 என்று அடித்தார்.
'வரி 1: மாறிலியை மாற்ற இயலாது.'
இன்னொரு முறை அடித்தார். அதே.
மூன்றாம் முறை அவசரத்தில் ஒரு ப் விட்டுப்போய்
வெப_எல்லை ஆனது.
நிரல் சத்தமில்லாமல் அதை ஏற்றுக்கொண்டது.
"இது என்னாது?" என்றார்.
அந்த ஓட்டையை அடைக்க ராத்திரி ஒன்பது.
காட்பாடி போகும் ஷிப்ட் வண்டி போய்விட்டது.

மூன்றாம் நாள், எதையெல்லாம் சேர்ப்பது?
உப்பு, அமிலம், சுழற்சி, வெப்பம்,
என்று நாற்பது பெயர்.
நாற்பத்தொன்றாவது, வெளியேற்ற_வரம்பு.
மதிப்பு 0.
அனுமதி வாங்கிய வருஷம் யாரோ எழுதி வைத்தது.
இதுவரை எந்த வரியும் அதைக் கேட்டதில்லை.

"அது உள்ளேயே இருக்கட்டும்மா,
தோலுக்கும் அதுக்கும் என்ன?" என்றார்
மேனேஜர் ஞானசுந்தரம்,
கைபேசியிலிருந்து தலை தூக்காமல்.

நாற்பத்தொன்றையும் அனுப்பினேன்.
ஒன்றை மட்டும் பிரித்து நிறுத்த
தனியாக ஒரு வரி எழுத வேண்டியிருந்தது.
எழுதவில்லை, அவ்வளவுதான்.

நேற்று ராத்திரி இரண்டு நாற்பதுக்கு போன்.
"நாலாம் டிரம் நின்னுபோச்சு.
கலீமுல்லா என்னமோ எழுதி வச்சிருக்கார்,
எடுத்து விடுங்க."
வீட்டிலிருந்தே திறந்து பார்த்தேன்.
முப்பத்தொன்றாம் வரி.
வெளியேற்றம் > வெளியேற்ற_வரம்பு என்றால் நிறுத்து.
எழுத்துப்பிழை இல்லை, ஒற்றுகூடச் சரி.
பக்கத்தில் ஏழாம் வால்வின் அளவு,
212 லிட்டர்.

கூளர் காற்றில் புரண்டு படுத்தது குழந்தை.
இன்னொரு தடவை படித்தேன்.
"வரியில தப்பு ஒண்ணும் இல்ல சார்" என்றேன்.
அந்தப் பக்கம் எதுவும் சுழலவில்லை.