தாண்டாதவர்கள்

பன்னிரண்டு படம் வேண்டும்.
ஆளுக்கொரு பெரிய கலைஞரைப் பிடித்துக்கொண்டு
அவர் கண்ணால் உங்கள் ஊரைப் பாருங்கள் என்றார்கள்.

நான் பிடித்தவர்
எங்கோ ஒரு குளிர்நாட்டில்
தேங்கிய மழைநீரை ஒருவன் தாவுகையில்
குதிகால் நீரைத் தொட
ஒரு நூல் இருக்கும்போது
விரலை அழுத்தியவர்.
அந்த நூலிழையில்தான்
என் மூன்றாம் செமஸ்டர் மாட்டிக்கொண்டது.

கடலூரில் தண்ணீருக்கா பஞ்சம்.
ஐப்பசி பிறந்தால் முதுநகரில்
துறைமுகம் போகும் சாலை
பாதி குளம்.
நாளுக்கு அறுநூறு ரூபாய் வாடகைக் கேமராவோடு
விடிகாலையில் போய்க் குந்தினேன்.

முதலில் வந்தவர்
கைலியை மடித்துக் கட்டி நடந்து போனார்.
பள்ளிக்கூடப் பையன்கள் இரண்டு பேர்
ஷூவைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு
ஆழம் எங்கே என்று தேடித் தேடி இறங்கினார்கள்.
மீன்கூடையோடு அஞ்சலாட்சி அக்கா,
"நவுரு பாப்பா, தெறிக்கப் போவுது."
தெறித்தது,
லென்ஸில்.
நாயாவது தாவும் என்று பார்த்தேன்.
நின்று இரண்டு மடக்குக் குடித்துவிட்டு
அதுவும் நடந்துதான் போனது.

மூன்று நாள்.
ஆயிரத்தெண்ணூறு ரூபாய்.
ஒருவர்கூடத் தாவவில்லை.

நான்காம் நாள் இருதயராஜ் வந்தான்,
அரியாங்குப்பத்திலிருந்து பஸ் பிடித்து,
எனக்காகத் தாவ.
எட்டு முறை தாவினான்.
ஒன்பதாவதில் வழுக்கி
செருப்பின் வார் அறுந்தது.
ஐந்தாவது தாவல் அச்சு அசல்:
அதே குதிகால், அதே நூல்,
நீருக்குள் தலைகீழாய் இன்னொரு இருதயராஜ்.

இரவு பெரிதாக்கிப் பார்த்தேன்.
காற்றில் நிற்கிறவன்
என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்,
"சரியா வருதா?" என்று.

தூக்கம் வரவில்லை.
வீண் என்று ஒதுக்கிய முந்நூற்றுச் சொச்சத்தை
மறுபடி ஒவ்வொன்றாகத் தள்ளினேன்.
தண்ணீரில் கால் வைக்குமுன்
எல்லோரும் ஒரு கணம் நிற்கிறார்கள்.
சேலை நுனி கைக்கு வருகிறது,
சோற்றுப்பை தோளுக்கு ஏறுகிறது,
பெருவிரல் மட்டும் முன்னே போய்
தரை இருக்கிறதா என்று கேட்கிறது.
சுனாமி, தானே, அந்த டிசம்பர் வெள்ளம்.
தாண்டுகிற அளவுக்குச் சின்னத் தண்ணீரை
இந்த ஊர் பார்த்ததே இல்லையோ என்னவோ.

பன்னிரண்டு பெருவிரல்களைப் பொறுக்கி
திருப்பாதிரிப்புலியூர் ஸ்டூடியோவில் கொடுத்தேன்.
மஞ்சள்நீராட்டு ஆல்பங்களுக்கு நடுவிலிருந்து
என் பிரிண்டுகள் வந்தன.
அன்பு மிகுதியில் அண்ணன்
அத்தனை பேரையும் வெளுத்திருந்தார்.
கால்களை. கணுக்கால் சேற்றை.
தண்ணீரையும் விடவில்லை,
ஊட்டி ஏரி போல நீலம்.
"கறுப்பாவே போடுங்கண்ணா."
"ஆல்பத்துக்கு எடுப்பா இருக்காதேம்மா."
"அது அப்படித்தான் இருக்கும்."
இரண்டாம் முறைக்கும் காசு வாங்கினார்,
பாதிதான்.

புதுச்சேரியில், வகுப்பில்,
மதலேன் மேடம் நிதானமாகப் புரட்டினார்.
"தாவுறது எங்கே?"

கடைசித் தாளைக் காட்டினேன்.
பதின்மூன்றாவது, கணக்கில் சேராதது.
கீழே பென்சிலில் எழுதியிருந்தேன்:
நண்பன் எனக்காகத் தாண்டியது.
அவர் சிரித்தாரா, இருமினாரா
தெரியவில்லை.
மதிப்பெண் இன்னும் வரவில்லை.

அந்தக் குளிர்நாட்டுக்காரன்
அடுத்த நொடி நனைந்திருப்பான்.
வீடு போய்க் காலுறையைப் பிழிந்திருப்பான்.
புத்தகத்தில் அந்தப் பக்கம் இல்லை.

இருதயராஜுக்குச் செருப்பு வாங்கித் தர வேண்டும்.
ஒன்பது நம்பர்.
அவனும் இரண்டு முறை
நினைவுபடுத்திவிட்டான்.