புள்ளியில்லாத வாக்கு

பரமேஸ்வராச் சந்திக்குக் கிட்ட, மேல்மாடி.
மாரி இருட்டு; மூன்றரைக்கே லைட் போட்டாயிற்று.
பிஸ்கட் பேணிதான் வாக்குப்பெட்டி,
மூடியில் இன்னும் கொஞ்சம் சீனித்தூள்.

கல்வெட்டுக் கழகம்.
சந்தா கட்டினவர்கள் நாற்பத்தொரு பேர்.
அதிலும் இரண்டு பேர் இன்று காலைதான் கட்டினவை,
பற்றுச்சீட்டில் மை காயவில்லையென்று
ஒரு மணித்தியாலச் சண்டை.
யாப்பின் ஒன்பதாம் பிரிவை மூன்று பேர்
மூன்று விதமாய் வாசித்தார்கள்.
தேய்ந்துபோன சோழர் கல்லில்கூட
இவ்வளவு பாடபேதம் நான் கண்டதில்லை.

எண்ணுகிற வேலை எனக்கு.
"உவன் ஒரு பக்கமும் இல்லை" என்று தெரிந்தெடுத்தார்கள்.
எழுத்தின் வளைவைப் பார்த்து
நூற்றாண்டு சொல்கிறவனிடம்
கையால் எழுதின துண்டுகளைக் கொடுத்தால்
இரகசிய வாக்கில் என்ன இரகசியம்?
ஒருவருக்கும் அந்த யோசனை வரவில்லை.

ரகரத்தின் கால் வழுக்கி விழுந்தால் அது வேலும்மயிலர்.
பச்சை மை, பழைய கச்சேரிக்காரர்.
துதிக்கை தூக்கின பழைய லை எழுத
இனி நான்கு பேர்தான் மிச்சம்,
நால்வரும் பென்ஷன்.

குகானந்தசிவம் இருபது.
எமல்டா இருபது.
பேணியின் அடியில் ஒட்டிக்கிடந்தது இன்னொன்று:
தலைவர எமலடா.
மருந்துக்கும் ஒரு புள்ளியில்லை.

கதிரைகள் பின்னால் நகர்ந்தன.
"எமலடா எண்டு இஞ்சை ஆர் இருக்கினம்?
செல்லாது! எறியுங்கோ!"
குகானந்தசிவத்தின் ஆட்கள்.
எமல்டா கதைக்கவில்லை;
சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தபடி இருந்தா.
யாரோ வழக்கு என்றார். யாரோ
என் கையிலிருந்த துண்டையே பறிக்க வந்தார்.

அப்போது குகானந்தசிவம் எழும்பினார்,
பதினாறு நாள் மழைக்குள்ளே ஸ்கூட்டரில்
படலை படலையாய் வாக்குக் கேட்டுத் திரிந்தவர்.
"கல்லிலை ஆர் புள்ளி வைச்சவன்?
நாங்கள்தானே வைச்சு வாசிக்கிறனாங்கள்.
அது செல்லும். எழுதுங்கோ."
இருந்துவிட்டார்.

எமல்டா, இருபத்தொன்று.
கைதட்டலும் கதவு அறைந்ததும் ஒன்றாய்க் கேட்டன.

ஊர்காவற்றுறையில் ஒரு கிணற்றடிக் கல்லை
ஒரே குடைக்குள் நின்று படியெடுத்த நாளில்
அவருடைய குறிப்புக் கொப்பியைப் பார்த்திருக்கிறேன்:
பக்கம் பக்கமாய் நெருக்கின எழுத்து,
எங்கேயும் புள்ளியில்லை.
வேகத்துக்கு, என்றார் அன்றைக்கு.

படியிறங்கும்போது என்னைப் பார்த்தார்.
குடையை விரிக்க நேரமெடுத்தார்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.

எண்ணி முடித்த துண்டுகளை
எரிக்கச் சொல்கிறது பதினாலாம் பிரிவு.
நாற்பதை எரித்தேன்.