ஜூன் முப்பதுக்குள்

ஆகஸ்ட் வந்தால் என் வேலை
ஒரு பெயரை அடித்து இன்னொரு பெயரை எழுதுவது.
லாம்பினென் ஓய்வு.
ட்ரெவாரோ கிரீன் பேவுக்குப் போய்விட்டார், அங்கே சம்பளம் கூடுதல்.
பேச்சுப் பயிற்சியாளர் இடம் மூன்றாம் ஆண்டாகக் காலி;
அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.
அரிசோனாவிலிருந்து ஒரு பெண்
செவ்வாய்தோறும் திரையில் வருகிறாள்.
அவள் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் நிறைய வெயில்.
இங்கே சுப்பீரியர் ஏரிக்கரையில்
ஈரம் சொட்டும் பூட்ஸோடு பிள்ளைகள்.
"ஸ்நோ" சொல்லு, என்கிறாள்.
அவள் அதைப் பார்த்திருப்பாளோ என்னவோ.

ஊழியர் மாற்றம் ஒரே பக்கம்தான்.
அதை முன்னூற்றுப் பதினொரு கோப்புகளுக்குள் ஏற்றுவதற்கு
செப்டம்பர் முழுசும் போகும்.
ஒரு சிறுமிக்கு ஐந்து வருஷத்தில் ஆறு பொறுப்பாசிரியர்.
ஆறாவது ஆள் அவள் பெயரையே தப்பாக எழுதியிருக்கிறார்.
அழித்துத் திருத்தக் கூடாது, விதி.
பக்கத்தில் சரியானதை எழுதி
நாள் போட்டு, முதலெழுத்து போட வேண்டும்.
என் இரண்டு கல்யாணங்களுக்கும்
இதே விதிதான்.

ஏப்ரலில் பத்திரிகையில் விளம்பரம் தருவோம்.
டயர் தள்ளுபடிக்கும் சர்ச் மீன் விருந்துக்கும் நடுவே எட்டு வரி:
சிறப்புக் கல்வியிலிருந்து வெளியேறி
ஏழாண்டு கடந்தவர்களின் பதிவுகள் அழிக்கப்படும்.
வேண்டுவோர் ஜூன் முப்பதுக்குள் பெற்றுக்கொள்ளலாம்.

பதினாறு வருஷத்தில் வந்தவர்கள் நான்கு பேர்.
மூன்று பேருக்கு உதவித்தொகைக்குச் சான்று வேண்டியிருந்தது.

நான்காவது, கோல்பி ஓயலா.
இருபத்தேழு வயது. பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறான்.
மே மாதம், வண்டிக்கு வேலையில்லை,
கைக்கு மட்டும் இருந்தது:
தொப்பியை உருட்டிக்கொண்டே நின்றான்.
அடையாள அட்டை கேட்டேன்.
விடிகாலை நாலு மணிக்கு என் தெருவைத் திறந்துவிடுகிறவன் அவன்தான்,
என்றாலும் கேட்டேன்.
எடுத்து நீட்டினான்.

மூன்று அங்குலக் கோப்பு.
உட்காரச் சொன்னேன், நின்றே புரட்டினான்.
"ஐந்து வாய்ப்புகளில் நான்கில்
கோல்பி உதவியைத் தானாகக் கேட்பான்."
நான்காம் வகுப்பு: போதிய முன்னேற்றம் இல்லை.
ஐந்தாம் வகுப்பு: போதிய முன்னேற்றம் இல்லை.
ஆறு, ஏழு, எட்டு, தேதி மட்டும் மாறி.
ஒன்பதில்: இலக்கு கைவிடப்பட்டது.
"வாசலருகே இருக்கை. உரத்த ஒலி ஆகாது."
அந்த இடத்தில் சிரித்தான்.
அவன் வண்டியின் இரைச்சல் எனக்கும் கேட்டது.

பிறகு ஒரு மஞ்சள் தாள்.
எந்தப் படிவத்திலும் சேராதது. பென்சில்.
"பிப். 9. வெளியே விளையாடி வந்ததும் எல்லாருடைய பூட்ஸையும்
ஜோடி சேர்த்து ஹீட்டர் பக்கம் அடுக்கினான்.
யாரும் சொல்லவில்லை.
என்னுடையதையும்."

"யார் எழுதினது?"

அந்த வருஷப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன்.
ஆசிரியர் மூவர், மூவருடைய எழுத்தும் இது இல்லை.
வகுப்பறை உதவியாளராக இருக்கும்.
உதவியாளர் பெயர் எங்கள் பட்டியலில் ஏறுவதில்லை.
தெரியவில்லை, என்றேன்.
பதினாறு வருஷத்தில் அந்த வார்த்தையை
இந்த மேஜையில் இத்தனை மெதுவாகச் சொன்னதில்லை.

தாளை மட்டும் எடுத்துக்கொண்டான்.
மிச்சத்தை என் பக்கம் தள்ளினான்.
வைத்துக்கொள்ள முடியாது, ஜூலையில் அரைக்கும் வண்டி வரும், என்றேன்.
"வரட்டும்."

கதவுவரை போனவன் திரும்பி வந்தான்.
தொப்பியைப் பார்த்துக்கொண்டு,
"ஒரு உறை கிடைக்குமா? மடங்காமல் கொண்டுபோக."

இழுப்பறையில் சின்னதுதான் இருந்தது.
முதல்வர் அறைக்குப் போய் எடுத்து வந்தேன்.

அன்றைய பதிவேட்டில்:
கேட்டவர், தானாக.
கொடுத்தது, தாள் ஒன்று.
உறை ஒன்று, பெரியது.