நாலாவது மாடி, சி

அந்தக் கட்டடத்துக் கண்ணாடிகளில் இருந்த
ஸ்டிக்கர்களைச் சுரண்டி எடுத்தவள் நான்தான்.
பிளேடைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும்.
நிமிர்த்தினால் கீறல் விழும்,
கூலியில் பிடித்துக்கொள்வார்கள்.
நூற்றுப் பன்னிரண்டு ஜன்னல், மூன்று வாரம்.
வெளியே பஃபலோவில் பனி முழங்கால் வரை.
உள்ளே ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது,
ஆளில்லாத சுவர்களுக்கு.

நாலாவது மாடி சி-யில்
ஃபிரிட்ஜின் நீலப் பிளாஸ்டிக்கை
ஒரே இழுப்பில் உரித்தேன்.
திறந்தேன், விளக்கு எரிந்தது.
என் மதியச் சாப்பாட்டை அதற்குள் வைத்துப்
பத்து நிமிடம் கதவை மூடியிருந்தேன்.
சூப்பர்வைசரிடம் இதைச் சொல்லவில்லை.

நாங்கள் இருந்த வீட்டில்
பஸ் போகும்போதெல்லாம் தட்டுகள் பேசிக்கொள்ளும்.
குளியலறைக் கூரையில் கறுப்புப் பூஞ்சை.
பிளீச் அடித்தால் கோபித்துக்கொண்டு போகும்,
ஒரு வாரத்தில்
வாடகை கொடுப்பவளைப் போல உரிமையோடு திரும்பி வரும்.

குலுக்கல் என்றார்கள்.
நாற்பத்தாறு வீடு, மூவாயிரம் பேர்.
என் எண் எழுபத்தொன்று.
நல்ல எண், என்றாள் திருமதி ஷிமான்ஸ்கி,
கண்ணாடியைத் தலைக்கு ஏற்றியபடி.
முன்னால் இருப்பவர்கள் பாதிப் பேர்
பேப்பரிலேயே விழுந்துவிடுவார்களாம்.

சம்பளச் சீட்டு ஆறு.
பேங்க் கணக்கு, மூன்று மாதத்துக்கு.
விவாகரத்துத் தீர்ப்பு, முத்திரையோடு.
அப்புறம் ஒரு கடிதம்:
கணக்கில் வந்த அறுபது டாலர்
பாயாமோனில் இருக்கும் என் தங்கை ஐவெலிஸ்
பிறந்தநாளுக்கு அனுப்பியது,
இனி மாதாமாதம் வராது,
இப்படிக்கு மிக்டாலியா ஒட்டேரோ.

பதினோராம் நாள் கூப்பிட்டாள்.
வருமானம் போதவில்லை.
குறைந்த வருமானக்காரர்களுக்குக் கட்டிய வீடு,
அதற்கும் குறைவாம் என் வருமானம்.
வருடத்துக்கு எண்ணூற்று நாற்பது டாலர்.
நான் சிரித்துவிட்டேன்.
அவள் சிரிக்கவில்லை,
பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தாள்.

யாதியேல் மார்ச்சில் ராச்செஸ்டர் போக இருந்தான்.
நண்பனோடு ஓர் அறை, பாதி அட்வான்ஸ் கட்டியாயிற்று.
பத்தொன்பது வயது, பேக்கரியில் ராத்திரி வேலை,
புருவத்தில் எப்போதும் மாவு.
என்னையும் எழுது, என்றான்,
ஷூவைக் கழற்றிக்கொண்டே,
என்னைப் பார்க்காமல்.

எழுதினோம்.
இப்போது ஆயிரத்து நூற்று முப்பது அதிகம்.

உலைக்குத் தண்ணீர் அளக்கிற மாதிரி இது:
ஒரு விரற்கடை குறைந்தால் வேகாது,
கூடினால் குழைந்துபோகும்.
ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்டை எடுத்துவிடுங்கள்
என்று முதலாளியிடம் போய் நின்றான்.
முப்பது வருடத்தில்
சம்பளத்தைக் குறைக்கச் சொல்லி வந்தவன் நீ ஒருத்தன்தான்
என்றாராம் அந்த மனிதர்.
ஒரு பை நேற்றைய ரொட்டி கொடுத்தனுப்பினார்.
புதிய சீட்டுகள் சேர ஆறு வாரம்.
ஆறு வாரமும் அந்த ரொட்டி, பீன்ஸ், சோறு,
வாசலில் தபால்காரர் காலடிச் சத்தம்.

கிடைத்தது. சி இல்லை, அது ஒருவர் இருக்கிற அளவு.
எங்களுக்கு இரண்டாவது மாடி,
வடக்குப் பார்த்தது, இரண்டு படுக்கையறை.
ஒரு வருடத்துக்குக் குடும்பக் கணக்கு மாறக் கூடாது
என்று திருமதி ஷிமான்ஸ்கி சொன்னபோது
அவன் தலையாட்டினான்.
நான் கையெழுத்தில் கவனமாக இருந்தேன்.

சாவி தருவதற்கு முன்
அறை அறையாகப் பார்த்துக் குறித்தார்கள்.
சேதம் ஏதாவது?
சமையலறை ஜன்னல், இடது மூலை,
ஒரு விரல் நீளக் கீறல்.
நான் கையை நீட்டிக் காட்டினேன்:
இது நாங்கள் வருவதற்கு முன்பே இருந்தது,
எழுதிக்கொள்ளுங்கள்.
எழுதிக்கொண்டாள்.

இரவு முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து
கார்ப்பெட்டில் தூங்குகிறான், ஷூவோடு.
பஸ் போகிறது. தட்டுகள் பேசவில்லை.
ராச்செஸ்டருக்கு என்று கட்டிய பை
கதவுக்குப் பக்கத்தில்,
ஜிப் திறக்காமல்.

நகர்த்தி வைக்கலாம் என்று போனேன்.
கனமாக இருந்தது. விட்டுவிட்டேன்.