நாற்பத்தொன்றாம் சீட்டு

கோத்தகிரி மாதா கோவில் கூடத்தில்
டிசம்பர் பிறந்தால் ஒரு சைப்ரஸ் கிளை வந்து நிற்கும்.
அதில் பூ இல்லை, மணி இல்லை.
சீட்டுகள்.
பேர் எழுதக் கூடாது என்று ஊர்க் கமிட்டி முடிவு.
எண், வயது, ஆணா பெண்ணா,
சட்டை அளவு, செருப்பு அளவு,
கடைசியில் விருப்பம் என்று ஒரு கோடு.
அந்தக் கோட்டில்
பிள்ளைகள் சொன்னதை டீச்சர்கள் எழுதி அனுப்புவார்கள்.
கிரிக்கெட் மட்டை.
ஸ்வெட்டர், சிவப்பு.
ஸ்வெட்டர், சிவப்பு மட்டும் வேண்டாம்.
பேசுகிற பொம்மை, பேசாவிட்டாலும் பரவாயில்லை.

வருகிறவர் போகிறவர்
ஆளுக்கொன்று பறித்துப் போவார்கள்,
பேரிக்காயை அமுக்கிப் பார்த்துப் பறிப்பதுபோல்.
இருபதாம் தேதி மிஞ்சியதெல்லாம் என் தலையில்.
நான் வர்க்கிக் கடையில் கணக்கு எழுதுகிறவன்,
மிச்சம் பார்த்துப் பழகிய கை.

நாற்பத்தொன்று. பெண். ஒன்பது.
விருப்பம்: கதவுக்குத் தாழ்ப்பாள்.

டோரதி அக்கா கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.
"டீச்சர் தப்பா எழுதியிருப்பாங்க."
பொருளாளர் பெள்ளி,
"ஐந்நூறு ரூபாய்க்குள் பரிசு என்றுதான் தீர்மானம்,
மராமத்து என்று இல்லை" என்றார்.
யாரோ சிரித்தார்கள்.
"அந்தப் பக்கம் கரடி நடமாட்டம்பா,
போன மாசம் லயத்துல புகுந்து
எண்ணெய் டின்னைக் காலி பண்ணிட்டுப் போச்சு."
கரடி என்றதும் எல்லாருக்கும் நிம்மதி.
கரடி என்றால் புரிகிறது.
ஒரு பொம்மையும் சேர்த்து வைக்கலாம் என்று
தீர்மானம் திருத்தப்பட்டது.

கபூர் பாய் இரண்டு விதம் எடுத்துப் போட்டார்.
நூற்று நாற்பதுக்கு அலுமினியம்,
இருநூற்றுப் பத்துக்கு இரும்பு.
"என்ன கதவு?"
எனக்குத் தெரியாது.
"உள்பக்கமா, வெளிப்பக்கமா?"
அதுவும் தெரியாது.
இரும்பே வாங்கினேன்.
திருகாணி எட்டு, அவரே எண்ணிப் போட்டார்,
ஒன்று கூடுதலாக.

நட்சத்திரம் போட்ட தாளில்
ஒரு தாழ்ப்பாளைச் சுற்றிப் பாருங்கள்.
எப்படி மடித்தாலும் தாழ்ப்பாள்தான்.
குமிழ் தாளைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது.
வர்க்கி அட்டையில் கிடத்திக் கட்டினேன்.

இருபத்துமூன்று காலை, புல்லெல்லாம் உறைபனி.
ஜீப்பிலிருந்து இறங்கிய பிள்ளைகள்
வாயால் புகைவிட்டு விளையாடினார்கள்.
நாற்பத்தொன்று என்று கூப்பிட்டேன்.
"யோகராணி" என்று ஒரு குரல் திருத்தியது.
அவளேதான்.
பொதியைக் குலுக்கவில்லை. தடவினாள்.
தரையில் உட்கார்ந்து நாடாவை முடிச்சவிழ்த்து
தாளைக் கிழியாமல் மடித்து வைத்து
திருகாணிகளை எண்ணினாள்.
பொம்மைப் பெட்டியைத் திறக்காமலே
தங்கை பக்கம் தள்ளினாள்.

கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன்.
"கரடிக்காம்மா?"
நிமிர்ந்து பார்த்தாள்,
மீதிச் சில்லறை சரியா என்று பார்ப்பதுபோல்.
"கரடிக்கும்."

ஓர் உம்.
இருபத்தாறு வருஷம் கூட்டல் போட்டவன் நான்.
அந்த உம்மில் எதை எதோடு கூட்டுவது என்று
கேட்க வாய் வரவில்லை.

போட்டோவுக்கு நிற்க வைத்தார்கள்.
பரிசைத் தூக்கிக் காட்டுங்கள் என்றார்கள்.
மட்டைகள் உயர்ந்தன, பொம்மைகள் உயர்ந்தன.
அவள் கைகள் ஸ்வெட்டருக்குள் இருந்தன.
அறிக்கையில் பெள்ளி எழுதினார்:
பொம்மை ஒன்று. இதர செலவு இருநூற்றுப் பத்து.

கேக் ஆர்டர்கள் ஓய்ந்த இருபத்தேழாம் தேதிதான்
ஸ்க்ரூ டிரைவர் வைக்க மறந்தது உறைத்தது.
பொழுது சாயும் பஸ்ஸைப் பிடித்து
தேயிலைச் சரிவில் ஏறினேன்.
கிணற்றடியில் விசாரித்தேன்.
லயத்தின் ஐந்தாம் கதவு,
அடியில் தகரம் வைத்து ஆணியடித்தது.
தட்டினேன்.

"யாரு?"
குரல் என் இடுப்பு உயரத்திலிருந்து வந்தது.
மாதா கோவில் என்றேன், வர்க்கிக் கடை என்றேன்,
ஸ்க்ரூ டிரைவர் என்றேன்.
"கத்தி முனையால முடுக்கிட்டேன்.
ஒரு திருகாணி மிச்சம்."

கதவு திறக்கவில்லை.
திறக்கச் சொல்லவும் இல்லை நான்.
கொண்டுபோனதைப் படியில் வைத்துவிட்டு
கடைசி பஸ் போய்விட்ட பாதையில் இறங்கினேன்,
கரடி காதில் விழட்டும் என்று
இருமிக்கொண்டே.