காகிதப் பூண்டு

ஏழு ரோடு முக்கில், பேக்கரிக்கு மேல்மாடியில்
எங்கள் ஆபீஸ்.
ஜூலைக் கடைசி வாரம். ஈரத்தில் நமத்த தாளை
பிரிண்டர் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்கிறது.
ஆடிட்டர் கொடைக்கானலில் இல்லை. போனில் இருக்கிறார்.
நான் ஜெசிந்தா,
ஊரார் வருமானத்தை டைப் அடிக்கிறவள்.

முதலில் ஸ்டெல்லா டீச்சர்.
சம்பளத்தை அவர் பார்க்குமுன்பே
வரி பார்த்துவிட்டிருந்தது.
"கொறைக்க ஏதாச்சும் வழி இருக்கா பாரும்மா."
பார்த்தேன்.
ஒரு எல்.ஐ.சி. ரசீது, மகளின் பீஸ் ரசீது.
அவருக்கு வாய்த்த சந்துபொந்து அவ்வளவுதான்.
வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

அடுத்து திருப்பூர் அர்த்தநாரி.
அவர் வரவில்லை, பைல் வந்தது,
ஒரு ஆள் தோளில்.
பனியன் கம்பெனி, மச்சான் பேரில் சாயப்பட்டறை,
மனைவி பேரில் டிரஸ்ட்,
மன்னவனூர்ப் பக்கம் நாலு ஏக்கர்.

அந்த நாலு ஏக்கரை நான் பார்த்திருக்கிறேன்.
தங்கச்சி நிச்சயத்துக்குப் போகும்போது
பஸ் பஞ்சராகி அங்கேதான் நின்றது.
பாறை. பாறை இல்லாத இடத்தில் சீகை மரம்.
கேட்டில் மட்டும் புது பெயின்ட்.

பைலில் அங்கே மலைப்பூண்டு.
வருஷத்துக்குத் தொண்ணூறு லட்சம்.
காகிதப் பூண்டை உறைபனி கருக்காது,
காட்டெருமை மிதிக்காது,
வடுகபட்டிச் சந்தையில் விலை விழாது.
பனியன் விற்ற காசு மலையேறி வந்து
பூண்டாகி இறங்கும்.
விவசாய வருமானம். வரி இல்லை.
அவ்வளவு பெரிய சட்டத்தில்
எனக்குச் சட்டென்று புரிந்த ஒரே வரி
வரி இல்லை என்கிற அந்த வரிதான்.

மூன்றாவதாக பூம்பாறை வேலப்பன்.
முப்பத்தஞ்சு வயசிருக்கும். ஸ்வெட்டரில் மண்.
"பேங்க்ல மூணு வருஷ ரிட்டர்ன் கேக்குறாங்க."
பையிலிருந்து ஒரு நோட்டுத்தாள்:
ஒன்றரை ஏக்கர், விதை, கூலி, லாரி வாடகை,
மழையில் அழுகியது பாதி,
கையில் மிச்சம் நாற்பத்தோராயிரம்.

கம்ப்யூட்டர் சுற்றிக்கொண்டிருந்தபோது
அவராகவே பேசினார்.
"நாலு சுத்து முள்வேலி போட்டேன்.
காட்டெருமை அது பாட்டுக்கு வருது போகுது,
அதுக்கு வழி தெரியுது.
என் வேட்டிதான் ஒவ்வொரு சுத்துலயும் கிழியுது."

போனில் ஆடிட்டர் கணக்கைக் கேட்டார்.
"இவ்வளவு கம்மியா? பேங்க்காரன் நம்ப மாட்டான்.
கொஞ்சம் ஏத்திப் போடும்மா."
தொண்ணூறு லட்சத்தை நம்பியவர்.

நான் ஏற்றவில்லை.
அர்த்தநாரியுடையதைக் குறைக்கவுமில்லை.
எனக்கும் மாசம் பன்னிரண்டாயிரம் வேண்டியிருக்கிறது.

சட்டத்தை எளிமையாக்க வேண்டுமென்று
கீழே பேக்கரி டிவியில் யாரோ பேசுகிறார்கள்.
பக்கத்தைக் குறைப்பார்கள், படிவத்தைக் குறைப்பார்கள்.
என்னைக் கேட்டால் ஒரு தாள் போதும்.
என்ன வந்தது?
எங்கே விளைந்தது?
இரண்டாவது கேள்விக்குப் பக்கத்தில்
அதிகாரி வந்து பார்த்துப் போக
மன்னவனூருக்கு ஒரு பஸ் டிக்கெட்டைக்
குத்தி வைத்துவிட வேண்டும்.
பஞ்சரானால் இன்னும் நல்லது.

வேலப்பனிடம் பீஸ் வேண்டாமென்றேன்.
கேட்கவில்லை.
பேப்பரில் சுற்றி எதையோ
கீபோர்டு பக்கத்தில் வைத்துவிட்டுப் படியிறங்கினார்.
பிரித்தேன்.
அந்த ஜூலை முழுக்க
எத்தனையோ டன் பூண்டு டைப் அடித்திருக்கிறேன்,
வாசனை அடித்தது அன்றைக்குத்தான்.