பத்து நிமிஷம்

பிரியாணி என்று சொல்லியிருக்கலாம்.
ஆம்பூருக்கு இங்கிருந்து ஒரு மணி நேரம்தான் பஸ்,
கேட்டவர்களும் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.
ஆனால் ரொம்பப் பிடித்தது எதுவென்று கேட்டால்
எனக்கு பாஸ்தாதான்.
அதுவும் குழாய் பாஸ்தா,
இரண்டு முனையும் சாய்வாகச் சீவினது.

ஏகாம்பரம் முதல் நாள் தட்டை எட்டிப் பார்த்து
'வால்டியூப்பை நறுக்கி வேகவெச்சியா?' என்றார்.
இருபத்திரண்டு வருஷமாகக் கொசப்பேட்டையில்
சைக்கிள் கடை வைத்திருக்கிறவர்.
அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.
அவருக்கு ரசம் சாதம் போட்டுவிட்டு
என் வால்டியூப்பை நான் சாப்பிட்டேன்.

நூறு கிராமுக்கு ஒரு லிட்டர் தண்ணீராம்,
பாக்கெட்டின் முதுகில் போட்டிருக்கிறது.
அதை எழுதின புண்ணியவான்
மே மாதத்தில் சத்துவாச்சாரி பக்கம் வந்ததில்லை.
எங்கள் தெருவுக்கு ஒன்பது நாளைக்கு ஒருமுறை தண்ணீர்.
குழாயில் வருவதே அபூர்வம்,
அந்தத் தண்ணீரில் போய்க் குழாய் வேகவைக்கிறாளே என்று
மாடிவீட்டு தெய்வயானை
சொல்லாமல் சொல்வாள்.

குழம்புக்கு இலவம்பாடிக் கத்தரிக்காய்.
காம்பின் முள் விரலில் ஏறாமல் நறுக்கத் தெரிய வேண்டும்.
எண்ணெயில் அது குழைந்து இறங்குகிறபோது
தக்காளி, நசுக்கின பூண்டு, இரண்டு வரமிளகாய்.
சீஸ் வாங்குகிற மாதம் சீஸ்.
மற்ற மாதங்களில் பொட்டுக்கடலைப் பொடி.
ஸ்பூன் கிடையாது, ஐந்து விரல்தான்.
ஒவ்வொரு குழாய்க்குள்ளும்
எனக்கென்று கொஞ்சம் குழம்பு ஒளிந்திருக்கும்.
கடிக்கும்போது சூடாக வெளியே வரும் பாருங்கள்,
அதற்காகத்தான்
ஓவர்டைம் முடிந்து, தலைமுடியெல்லாம் தோல் வாடையோடு,
ராணிப்பேட்டையிலிருந்து நின்றுகொண்டே வருகிறேன்.

போன சித்திரையில் கம்பெனிக்கு ரெனாட்டோ வந்தார்,
இத்தாலியிலிருந்து, ஷூ பார்க்க.
அரை மில்லிமீட்டர் தையல் விலகலுக்கு
முந்நூறு ஜோடியை ஓரம் கட்டினார்.
எல்லாம் என் லைன்.
சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் பர்ஹானாவை இழுத்துக்கொண்டு போய்க்
கேட்டேவிட்டேன்:
பாஸ்தா எத்தனை நிமிஷம் வேக வேண்டும்?
எட்டு விரலைக் காட்டினார்.
நான் இரண்டு கையையும் விரித்தேன்,
பிறகு ஒரு கையை மட்டும் இன்னொரு முறை.
மனிதர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.
முந்நூறு ஜோடிக்குக்கூட அப்படி முகம் போகவில்லை.
சிரித்தார். நானும் சிரித்தேன்.
முந்நூறும் முந்நூறாகவே லைனுக்குத் திரும்பி வந்தது.

அன்று ராத்திரி எட்டே நிமிஷம்.
நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெள்ளை.
வேகவில்லையோ என்று மறுபடி கடித்தேன்.
பல்லுக்கு யாரோ வேலை போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது.
இருந்தாலும் சொல்கிறேன், ரெனாட்டோ,
எட்டு உங்கள் ஊருக்கு.
எனக்குப் பத்து.

வடித்த தண்ணீரைக் கொட்ட எனக்கு மனசு வராது.
மங்கலாக, கொழகொழவென்று, அசல் கஞ்சி.
உப்பைக் குழம்போடு நிறுத்திக்கொள்ள வேண்டும்,
இதில் போட்டால் புடவை பிசுபிசுக்கும்.
ஞாயிற்றுக்கிழமை பருத்திப் புடவையை அதில் முக்கியெடுத்து
மொட்டைமாடியில் போட்டேன்.
மலைப்பாறையில் பட்டுத் திரும்புகிற வெயில்,
ஒரு காபி குடிப்பதற்குள் பலகை.

பத்தாம் நாள் அவர் மறுபடி பார்க்க வந்தபோது
கொசுவம் கலையாமல் நின்றுகொண்டிருந்தேன்,
அவர் ஊர்ச் சாப்பாட்டுக் கஞ்சியில் விறைத்து.
அவர் கண்ணாடியைத் தையல் மேல் வைத்தார்.
புடவையைப் பார்க்கவில்லை.

இருநூற்றுத் தொண்ணூற்றொன்று பாஸ்.
மீதி ஒன்பதைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன்,
இன்றைக்கும் ஓவர்டைம்.
பரவாயில்லை.
நேற்றுத்தான் தண்ணீர் வந்தது.